மூச்சுப் படாத கபடி

ஜனவரி 5, திங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று காய்ச்சல் சீட்டு பத்தொன்பது. போன திங்கள் ஆறு. எல்லாருக்கும் ஒரே கதைதான்: இருமல், உடம்பு வலி, மூன்று நாள் காய்ச்சல். மூச்சுத் திணறிய இரண்டு முதியவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று.

டாக்டர் ரெஜினா என்னைக் கூப்பிட்டார். "சொரிமுத்து, நீங்க குடியிருக்கிற செம்மணல்விளையில பொங்கலுக்குக் கபடிப் போட்டியாமே? பதினாலு டீம். ஆயிரம் பேர் வருவாங்க. நிறுத்துவீங்களோ, ஒழுங்கா நடத்த வைப்பீங்களோ, சுகாதார ஆய்வாளர் நீங்கதான். போய்ப் பேசுங்க."

மாலையில் விழாக் குழுத் தலைவர் மாசானம் அண்ணாச்சியைப் பார்த்தேன். பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விடுகிறவர். சாதாரணமாகப் பேசினாலே மைக்கில் பேசுவது போலிருக்கும்.

"நிறுத்தவா? சார், வடக்குத்தெருவும் தெக்குத்தெருவும் ஒம்பது வருசம் கழிச்சு ஒரே டீமா ஆடப்போவுது. சண்டை எதுக்கு வந்துதுன்னு ரெண்டு தெருவுக்கும் மறந்துபோச்சு. சண்டை மட்டும் மறக்கல. டீம்ல வடக்க மூணு பேரு, தெக்க மூணு பேரு. ஏழாவது ஆளு நம்ம கேப்டன் இசக்கிராஜா. அவனுக்கு அப்பா வடக்கு, அம்மா தெக்கு. அவன வச்சுத்தான் டீமே நிக்கி. இப்ப நீங்க நிறுத்தினா, எந்தத் தெருக்காரன் மனுக் குடுத்து நிறுத்துனான்னு கேட்டு அன்னைக்கே அருவாள எடுத்துருவானுவ."

அப்படியானால் விதிகளோடு நடத்துங்கள் என்றேன். "எத்தன விதி வேணும்னாலும் போடுங்க சார்" என்றார் பெருந்தன்மையாக.

தென்காசியில் அண்ணன் வீட்டில் இருக்கும் என் மனைவி பகவதிக்குப் போன் செய்தேன். இரண்டு மணி அடித்து நின்றுவிட்டது. இந்த ஊரில் டவர் சரியில்லை.

ஜனவரி 7, புதன்

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். பன்னிரண்டு விதிகளை வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். நான்காம் விதி, ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது. அதற்கும் கைதட்டினார்கள். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியரும் போட்டி நடுவருமான செல்லப்பா சார் மட்டும் கையைத் தூக்கினார்.

"ஒரு மீட்டர் தள்ளி நின்னு எப்படி சார் கால பிடிக்கது?"

பரிசீலிப்பதாகச் சொன்னேன். ஒன்பதாம் விதி, பந்தி பரிமாறுபவர்கள் கையுறை அணிய வேண்டும் என்றிருந்தது. கல்யாண மண்டபங்களுக்கான சுற்றறிக்கையிலிருந்து எழுதியதில் நேர்ந்த பிழை. யாரும் கேட்கவில்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

எனக்கு இந்த ஊரில் நல்ல ஒத்துழைப்பு இருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. இரவுச் சாப்பாடு பழமும் பிஸ்கட்டும்.

ஜனவரி 9, வெள்ளி

முகக்கவச ஒத்திகை. இசக்கிராஜா கவசம் போட்டுக்கொண்டு பாடிப் போனான். எதிரணியின் எல்லைக்குள் இருக்கும்வரை மூச்சு விடாமல் 'கபடி கபடி' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அது நடுவரின் காதில் விழவும் வேண்டும் என்பது ஆட்டத்தின் அடிப்படை. கவசத்துக்குள் அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. செல்லப்பா சார் அவுட் என்றார்.

"பாடுனேன் சார்!"

"எனக்குக் கேக்கல."

"மாஸ்க் போட்டிருக்கேம்லா!"

"அத மாஸ்க்குட்டதான் கேக்கணும்."

அடுத்தவன் சத்தமாகப் பாடினான். மூச்சு இழுத்ததில் கவசம் பாதி வாய்க்குள் போய்விட்டது. முதுகில் தட்டி எடுத்தோம்.

யோசித்துப் பார்த்தால் இந்த விளையாட்டைக் காய்ச்சல் கிருமியே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கும் போலிருக்கிறது. ஒருவன் போய் ஏழு பேர் முகத்துக்கு நேரே மூச்சை விட வேண்டும். அந்த மூச்சு நிற்கும்வரை ஏழு பேரும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஜனவரி 10, சனி

பிரச்சினையை மாசானம் அண்ணாச்சி தீர்த்துவிட்டதாகச் சொன்னார். இசக்கிராஜாவின் குரலில் 'கபடி கபடி'யைப் பதிவு செய்து, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்றில் போட்டு, அதை அவன் இடுப்பில் கட்டிவிட்டார். வாயை மூடிக்கொண்டு ஆடலாம். எச்சில் தெறிக்காது. எனக்கும் சரியென்றே பட்டது.

முதல் ரைடு நன்றாகப் போனது. இரண்டாவதில் அவனை மூன்று பேர் மடக்கிக் கீழே போட்டார்கள். அவன் மூச்சு விட்டுவிட்டான். ஸ்பீக்கர் விடவில்லை. அவன் எழுந்து, மண்ணைத் தட்டி, தண்ணீர் குடித்து, பிடித்தவர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் இடுப்பு பாடிக்கொண்டிருந்தது.

"ஆளு அவுட்டு" என்றது ஒரு பக்கம்.

"பாட்டு நிக்கலியே" என்றது இன்னொரு பக்கம்.

செல்லப்பா சார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாவது ரைடில் ஸ்பீக்கர் அவிழ்ந்து எதிரணிப் பக்கம் விழுந்தது. இசக்கிராஜா தப்பித்து வந்துவிட்டான். எதிரணியினர் ஏழு பேரும் ஸ்பீக்கரின் மேல் விழுந்து பிடித்துக்கொண்டு ஒரு பாயிண்ட் கேட்டார்கள். அரை மணி நேரம் வாக்குவாதம். அவ்வளவு நேரமும் அது அவர்கள் அடியில் கிடந்து பாடிக்கொண்டே இருந்தது.

ஸ்பீக்கர் யோசனை கைவிடப்பட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

நெற்றியைத் தொடாமல் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி சுகாதார நிலையத்திலிருந்து வந்தது. மைதான வாசலில் ஒத்திகை பார்த்தேன். பதினோரு மணி வெயில், சுற்றிலும் செம்மணல் தேரி மேடுகள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நூற்றொன்றுக்கு மேல் காட்டியது. செல்லப்பா சாருக்கு நூற்று நாலு. அவர் வழுக்கை காரணமாக இருக்கலாம்.

கருவி சரியா என்று பார்க்க, நிழலில் கட்டியிருந்த முதல் பரிசு ஆட்டுக்கிடாயின் காதோரம் வைத்துப் பார்த்தேன். நூற்று இரண்டரை. உடனே தனிமைப்படுத்தச் சொன்னேன். நான்கு பேர் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய நூலகக் கட்டடத்தில் வைத்துப் பூட்டினார்கள். மாலையில் கால்நடை மருத்துவமனை ஊழியர் அந்தப் பக்கம் வந்தார். ஆட்டுக்கு இயல்பான சூடே அவ்வளவுதான் என்றார். கதவைத் திறப்பதற்குள் அது இரண்டு ஆண்டு அரசிதழ்களைத் தின்றுவிட்டிருந்தது.

பகவதி போனை எடுக்கவில்லை. அவள் அண்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்தாட்கள் இருப்பார்கள்.

ஜனவரி 12, திங்கள்

வீடு வீடாகக் கணக்கெடுப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். காய்ச்சல் உள்ளவர் எவருமில்லை. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே இருமல் நின்றுவிடுகிறது. தெற்குத்தெருவில் ஓர் அம்மாள் வாசலை மறித்து நின்றாள். உள்ளறையில் யாரோ விடாமல் இருமினார்கள்.

"யாரும்மா இருமுறது?"

"ஆடு சார்."

"ஆடு கட்டில்லயா படுத்திருக்கு?"

"செல்லமா வளத்தது."

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். முகக்கவசம், ஸ்பீக்கர், துப்பாக்கி, ஆடு எல்லாவற்றையும் சொன்னேன். மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொரிமுத்து, அது திறந்த மைதானம். காத்து வருது. அது போதும். காய்ச்சல்காரன் வீட்ல இருக்கணும். தண்ணிப் பானையில ஒரே டம்ளர், ஒரே துண்டு, அதெல்லாம் வேண்டாம். வயசானவங்கள கூட்டத்துக்குள்ள உக்கார வைக்காதீங்க. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

"யாருக்குக் காய்ச்சல்னே சொல்ல மாட்டேங்கிறாங்க டாக்டர்."

"சொன்னா நீங்க என்ன செய்வீங்கன்னு நினைக்கிறாங்க?"

வீடு திரும்பினேன்.

போன ஆண்டு முந்தைய ஊரில் காய்ச்சல் வார்டு வாசலில் எனக்குப் பணி. பார்வையாளர் அனுமதி இல்லை என்பது உத்தரவு. பகவதியின் அப்பாவும் அதே வார்டில் இருந்தார். அவள் இரண்டு நாள் வேப்பமரத்தடியில் நின்றாள். மூன்றாம் நாள் காலையில் அவர் போய்விட்டார். நான் விதிப்படிதான் நடந்தேன். மேலதிகாரி பாராட்டுக் கடிதம் கொடுத்தார். வார்டின் மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. கண்ணாடி ஜன்னல். அங்கே நிற்கக் கூடாது என்று உத்தரவில் இல்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

துணி துவைத்தேன்.

ஜனவரி 13, செவ்வாய்

மாசானம் அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னேன். காய்ச்சல் என்று சொன்னால் ஊரார் முன் தலைகுனிவு என்று நினைக்கிறார்கள், அதனால் மறைக்கிறார்கள், மறைத்தால் பரவும்.

அண்ணாச்சி தாடையைத் தடவினார். "அப்போ அத மரியாதையா மாத்திப்போடுவோம். காய்ச்சல்னு வீட்ல இருக்கவன் பேர மைக்ல வாசிப்போம். 'ஊர் நலன் கருதி ஓய்வில் இருக்கும் மாவீரர்'னு. வீட்டு வாசல்லயே பொன்னாடை. என்ன சொல்லுதிய?"

அரசாணை எதிலும் இது இல்லை. சரி என்றேன்.

ஜனவரி 14, புதன்

காலை எட்டு மணிக்குள் என் வீட்டு வாசலில் நாற்பத்து மூன்று மாவீரர்கள். காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு ஆரோக்கியமாக வரிசையில் நின்றார்கள். தங்கள் பெயரைச் சரியாக எழுதச் சொன்னார்கள். ஒருவர் பெயருக்கு முன்னால் 'முன்னாள் கவுன்சிலர்' சேர்க்கச் சொன்னார். வெந்நீரை வாயில் அடக்கிக்கொண்டு வந்து தெர்மாமீட்டர் கேட்டவர்கள் ஐந்து பேர்.

நிழலில் உட்கார வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தேன். முப்பத்து நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். "வடக்குத்தெருவுல ஆறு பேருக்குக் காய்ச்சல், எங்க தெருவுல மூணுதானா?" என்று தெற்குத்தெருவில் ஒரு முறையீடு.

ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் உண்மையிலேயே காய்ச்சல். அதில் ஒருவர் நேற்று முன்தினம் கட்டிலில் இருமிய ஆடு. ஊருக்கு வந்து ஐந்து மாதத்தில் முதல்முறையாக என்னிடம் ஒருவர் உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் வைத்தேன். விசில் வந்தது. பொங்கவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

போட்டி முதல் நாள். காலை ஏழு முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் ஆறு வரை. காற்று மேற்கிலிருந்து வந்ததால் முதியவர்களுக்கு மேற்கு ஓரத்தில் தனிப் பந்தல். பானையிலிருந்து டம்ளரை எடுத்துவிட்டுக் குழாய் பொருத்தினோம். அவரவர் பாட்டில், அவரவர் துண்டு. ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடிப்பதை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மாவீரர்களின் பெயர் வாசிக்கப்பட்டபோது பலத்த கைதட்டல்.

நம் அணி இரண்டு ஆட்டத்திலும் வென்றது. 'நம் அணி' என்று எழுதிவிட்டேன். செம்மணல்விளை அணி.

ஜனவரி 17, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு வாசலில் இசக்கிராஜா. உள்ளே வரவில்லை. முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கமே நின்றான். கண் சிவந்திருந்தது.

"சார், விடிய நாலு மணிலருந்து காய்ச்சலு. மாத்திரை போட்டா ஆடிருவேன். ஒங்க துப்பாக்கிலயும் காட்டாது."

"பிறகு ஏன் வந்தே?"

முருங்கைப் பட்டையை நகத்தால் கீறினான். "எம் பொண்ணு பொறந்து ரெண்டு மாசம் ஆவுது. காய்ச்சல்னு தெரிஞ்சதும் அவள நான் தூக்கல சார், திண்டாட்டமா இருந்துச்சு. பெறவு யோசிச்சேன். என்னப் பிடிக்கிறவன் வீட்லயும் ஒரு பிள்ள இருக்கும்லா?"

அவனிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். மாத்திரையும் கவசமும் கொடுத்து, வீட்டில் தனி அறையில் இருக்கச் சொல்லி அனுப்பினேன்.

ஏழு மணிக்கு அரையிறுதி. எதிரணி கள்ளிமேடு. இசக்கிராஜா இல்லை என்று தெரிந்ததும் நான் பயந்தது நடந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், தெருவுக்கு ஒருவர். வடக்கிலிருந்து எடுத்தால் வடக்கு நான்கு, தெற்கு மூன்று. தெற்கிலிருந்து எடுத்தால் நேர் எதிர். பத்து நிமிடத்தில் இரண்டு தெருவும் மைதானத்தின் இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றன. ஒன்பது வருடத்துக்கு முந்தைய வார்த்தைகள் கேட்க ஆரம்பித்தன.

செல்லப்பா சார் விசிலை ஊதினார். "ரெண்டு தெருவும் சேராத ஆளு ஒருத்தன் வேணும். ஊர்ல குடியிருக்கணும். அவ்வளவுதான விதி?"

எல்லாரும் சிறிது நேரம் யோசித்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு நாற்பத்தொரு வயசு" என்றேன். "நான் அரசுப் பணியில் இருக்கிறேன். கபடி ஆடியதே இல்லை."

"காய்ச்சல் இருக்கா சார்?" என்று கேட்டார் மாசானம் அண்ணாச்சி.

"இல்லை."

"அப்போ ஆடலாம். நீங்க போட்ட விதிதான."

இசக்கிராஜாவின் பனியனைக் கொடுக்க வந்தார்கள். காய்ச்சல்காரன் உடுப்பு வேண்டாம் என்றேன். புதிதாக ஒன்று கிடைத்தது. அதில் எண் இல்லாததால் மார்க்கர் பேனாவால் ஏழு என்று எழுதினார்கள்.

என்னை ஓர் ஓரத்தில் நிறுத்தி, யார் வந்தாலும் கையை மட்டும் விரித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். மற்ற ஆறு பேரும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். வடக்குத்தெருக்காரன் விழுந்தால் தெற்குத்தெருக்காரன் கைகொடுத்துத் தூக்கினான். இடைவேளைக்குப் பிறகு வரிசையாக ஒவ்வொருவராக அவுட் ஆகி வெளியே போனார்கள். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. கடைசி ரைடு. கோட்டுக்குள் எங்கள் பக்கம் நான் மட்டும்.

"சும்மா போயிட்டுத் திரும்பி வந்தாப் போதும் சார்!" என்று வெளியிலிருந்து கத்தினார்கள். "ஆட்டம் சமம்! எக்ஸ்ட்ரா டைம் வாங்கிருவோம்!"

பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். கள்ளிமேட்டுக்காரர்கள் ஏழு பேரும் வளைத்தார்கள். நான் யாரிடமிருந்தும் ஒரு மீட்டருக்குள் போகவில்லை. அது எனக்குப் பழக்கம். அவர்கள் நெருங்க நெருங்க விலகினேன். விலக விலகக் கூட்டம் ஆர்ப்பரித்தது. மாசானம் அண்ணாச்சி மைக்கில் "பிடிக்க முடியல! சுகாதாரத்துறையப் பிடிக்க முடியல!" என்று முழங்கினார். திரும்பும் வழி திறந்திருந்தது. நான்கு எட்டு வைத்தால் நடுக்கோடு.

அப்போது என் வலப்பக்கம் நின்ற ஒருவன் தும்மினான். கையை வைக்கவில்லை. முழங்கையையும் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பக்கூட இல்லை.

"தும்மும்போது வாயை மூடு தம்பி" என்றேன்.

பாட்டு நின்றுவிட்டது. மைதானமே நின்றுவிட்டது. செல்லப்பா சார் விசில் ஊதுவதற்குள் ஏழு பேரும் என் மேல் விழுந்தார்கள்.

ஏழு பேரின் எடை நானூற்றைம்பது கிலோ இருக்கும். வேர்வை, மண், தேங்காயெண்ணெய் வாசனை. ஒருவன் கை என் கழுத்தைச் சுற்றியிருந்தது. யாரோ சிரித்தார்கள். நான் எழ அவசரப்படவில்லை.

நான் அவுட் ஆனதற்கு ஒன்று, எங்கள் பக்கம் ஆளே தீர்ந்ததற்கு இரண்டு: மூன்று பாயிண்டில் தோற்றோம். மாலையில் இறுதி ஆட்டத்தையும் வென்று ஆட்டுக்கிடாயைக் கள்ளிமேட்டார் கொண்டுபோனார்கள்.

நான் எழுந்து வருவதற்குள் இரண்டு தெருவும் ஒன்றாகத் திரண்டு என்னைச் சுற்றி நின்றன.

"நாலு எட்டு சார்! நாலே எட்டு!" என்று வடக்குத்தெருப் பெரியவர் ஒருவர் மண்ணில் அடித்தார்.

"அவன் தும்முனா ஒமக்கு என்னவே?" என்று தெற்குத்தெருக்காரர் ஒருவர் வடக்குத்தெருக்காரர் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டார். பிறகு இரண்டு பேரும் ஒரே சைக்கிளில், என்னைத் திட்டியபடி, வீட்டுக்குப் போனார்கள். மாலைவரை டீக்கடையில் இரண்டு தெருவும் கலந்து உட்கார்ந்து இதையே பேசியதாகக் கேள்வி.

ஜனவரி 19, திங்கள்

தொண்டை வலி. மைதானத்துத் தூசியாக இருக்கும்.

ஜனவரி 20, செவ்வாய்

தூசி இல்லை. நூற்றொன்று. டாக்டருக்குப் போனில் சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டேன். காய்ச்சல் சீட்டு பதினொன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். போட்டியால் பரவியதாகத் தெரிவது என்னையும் சேர்த்து மூன்று பேர்தானாம். இசக்கிராஜாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை.

வாசல் கேட்டில் இரண்டு தூக்குவாளிகள் மாட்டியிருந்தன. ஒன்றில் கஞ்சி, ஒன்றில் ரசம். யார் வைத்தது என்று தெரியவில்லை. "நாலு எட்டு" என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனது மட்டும் கேட்டது.

ஜனவரி 21, புதன்

காலை பத்தேகாலுக்குப் போன் வந்தது. பகவதி.

"நீங்களா கபடி ஆடுனிய?" என்றாள். எவனோ எடுத்த வீடியோ தென்காசிவரை போயிருக்கிறது. அவள் அண்ணன் பிள்ளைகள் காலையிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

"ஆமா."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. காய்ச்சல்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பகவதி, அந்த வார்டுக்கு மேக்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்துது. அங்க உன்னக் கூட்டிட்டுப் போயிருக்கணும். கண்ணாடி வழியா மாமாவப் பாத்திருக்கலாம். உத்தரவுக்கும் பங்கம் வந்திருக்காது. எனக்குத் தோணல. தோணியிருக்கணும்."

பின்னால் குழந்தைகளின் சிரிப்பும், வீடியோவில் மாசானம் அண்ணாச்சியின் குரலும் கேட்டன.

"எனக்குத் தெரியும் அந்த ஜன்னல்" என்றாள். "ரெண்டு நாளும் அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுவியன்னு இருந்தேன்."

அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"கஞ்சி குடிச்சியளா?" என்றாள் பிறகு.

"ஊர்க்காரங்க கொண்டாந்து வச்சாங்க."

"நாளைக்குப் புறப்பட்டு வரட்டுமான்னு கேக்காதிய. காய்ச்சல் விட்டதும் வாங்க. விடாம இந்தப் பக்கம் வராதிய. வீட்ல சின்னப் பிள்ளைய இருக்கு."

ஜனவரி 22, வியாழன்

காலை 99.2. மாலை ஆறு மணிக்கு 98.6. மாத்திரையை நிறுத்திவிட்டேன். மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும் என்பது விதி. இன்று கிளம்ப முடியாது.

ஜனவரி 23, வெள்ளி

காலை 98.4. மதியம் 98.4. இரண்டு தென்காசி பஸ் என் கண் முன்னே போயிற்று. விதியை எழுதியவனுக்குப் பெண்டாட்டி இருந்திருக்க மாட்டாள்.

மாலை 98.4. ஆறு மணிக்கு முழு நாள் முடிகிறது. ஆறு பத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. ஐந்தரைக்கே வீட்டைப் பூட்டிவிட்டு, பையோடு நிறுத்தத்தில் நின்றுகொண்டு இதை எழுதுகிறேன்.